மெத்தையைக் கிழிச்சுப் பார்த்தவன் சொல்லுறன்

இந்த மாசம் வந்த கடிதங்களில பாதிக்கு மேல மெத்தைக் கதைதான். தை பிறந்தாக் கலியாணம், கலியாணமெண்டாக் கட்டில் மெத்தை, அதால எண்டு நினைக்கிறன். நான் பரந்தன் பக்கம் குசன் வேலை செய்யிற ஆள், டொக்டரும் இல்லை விஞ்ஞானியும் இல்லை, ஆனா இருபது வருசமா ஊர்ச்சனத்தின்ர மெத்தையளைக் கத்தியால கிழிச்சு உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு பார்த்து வாறன். அந்தத் துணிவிலதான் எழுதுறன்.

கேள்வி: அண்ணை, மகளுக்கு மாசியில கலியாணம். கிளிநொச்சியில ஒரு கடையில இயற்கை லேற்றெக்ஸ் மெத்தை எண்டு ஒண்டு காட்டினவை, விலையைக் கேட்டிட்டு இவர் ஒண்டும் பேசாமல் வெளியில வந்து மோட்டச்சைக்கிளில ஏறி இருந்திட்டார். பக்கத்திலயே ஸ்பொஞ் மெத்தை மூண்டில ஒரு பங்கு விலைக்குக் கிடக்கு. ஆனா மாமி, ஸ்பொஞ் முழுக்க கெமிக்கல், பிள்ளைக்குக் கூடாது எண்டு ஒரே பிடி. எதை வாங்கிறது?
(மல்லாவி வாசகி)

பதில்: தங்கச்சி, முதல்ல மாமியின்ர கதைக்கு வாறன். லேற்றெக்ஸ், அதாவது இறப்பர்ப்பால் மெத்தை, மரத்தில காய்ச்சுப் பிடுங்கிறது இல்லை. பால் மரத்தில இருந்து வாறது உண்மைதான், களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில வெட்டி எடுக்கிற பால்தான், அந்த மரமும் எங்கட நாட்டு மரமில்லை, பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்தில முளைச்சு 1876ல கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்துக்குக் கன்றா வந்தது. ஆனா அந்தப் பாலை நுரைக்க வைச்சு, கந்தகம் அது இதெண்டு சேர்த்து, அச்சில ஊத்தி, சூட்டில வேகவைச்சு, கழுவிக் காயவைச்சால்தான் மெத்தை. ஸ்பொஞ் எண்டு நாங்கள் சொல்லுறது பொலியுரேத்தேன், 1937ல ஜெர்மனியில ஓட்டோ பேயர் எண்டவரின்ர ஆக்கள் கண்டுபிடிச்ச சாமான், பெற்றோலியத்தில இருந்து வாறது. ரெண்டும் பக்டரி வழியாத்தான் வருது. புது ஸ்பொஞ்சில ஒரு மணம் வரும், அது உங்களுக்கும் தெரியும், பொலித்தீனைக் கழட்டிப்போட்டு காத்துப்போற அறையில நாலஞ்சு நாள் நிமித்தி வைச்சா அடங்கிடும். புது லேற்றெக்ஸும் மணக்கும், இறப்பர் வாசம், சிலருக்கு அதுதான் தலையிடி. மாமி பயப்பிடுற அளவுக்கு இதில ஒண்டும் இல்லை, கலியாணத்துக்கு முதல் நாள் வாங்கி அண்டைக்கே விரிக்காமல் ரெண்டு கிழமை முந்தி வாங்குங்கோ, அவ்வளவுதான்.

லேற்றெக்ஸ் எண்டு எழுதியிருக்கிறதெல்லாம் மரத்துப் பாலும் இல்லை, இதைக் கட்டாயம் கவனியுங்கோ. செயற்கை இறப்பரிலயும் லேற்றெக்ஸ் மெத்தை செய்யலாம், ரெண்டையும் கலந்தும் செய்யலாம், சில மெத்தையில மேல ஒரு இஞ்சி லேற்றெக்ஸ் ஒட்டி கீழ முழுக்க ஸ்பொஞ். அதால "லேற்றெக்ஸ் இருக்கோ" எண்டு கேக்காதேங்கோ, இருக்கு எண்டுதான் சொல்லுவினம். "எத்தினை இஞ்சி லேற்றெக்ஸ், மிச்சம் என்ன, அதை பில்லில எழுதித் தருவியளோ" எண்டு கேளுங்கோ. எழுதித் தர மாட்டம் எண்டால் அதுதான் பதில்.

மற்றது தராசு. ஸ்பொஞ்சின்ர தரம் கையால அமத்திப் பார்த்துத் தெரியாது, நல்லதும் கூடாததும் கடையில ஒரேமாதிரித்தான் மெத்தெண்டு இருக்கும், அதின்ர அடர்த்தியிலதான் வருசக்கணக்கு கிடக்கு. ஆறடி நீளம் நாலடி அகலம் அஞ்சு இஞ்சி தடிப்பு எண்டால் சரியா 10 கன அடி. கன மீற்றருக்கு 32 கிலோ அடர்த்தி ஸ்பொஞ் எண்டால் அந்த மெத்தை உறை இல்லாமல் 9 கிலோ வரும், 16 கிலோ அடர்த்தி எண்டால் நாலரைக் கிலோதான் வரும். ஆக, ஒரு கையால தூக்கித் தோளில போடக்கூடிய டபிள் மெத்தையைக் கண்டு "ஆ எவ்வளவு லேசு" எண்டு சந்தோசப்படாதேங்கோ. ரெண்டு பேர் நெடுக படுக்கிற மெத்தைக்கு 28 கிலோ அடர்த்திக்குக் கீழ நான் சொல்லமாட்டன். அதே அளவு லேற்றெக்ஸ் 20 கிலோவை ஒட்டி நிக்கும், ஒராள் தூக்கேலாது. பாரத்தைக் கூட்டிக் காட்ட ஸ்பொஞ்சுக்குள்ள சுண்ணாம்புக்கல் தூள் கலக்கிற வேலையும் இருக்கு, சிப்பைத் திறந்து ஒரு மூலையைக் கசக்கிப் பாருங்கோ, விரலில வெள்ளைத் தூசு பிடிச்சா வேண்டாம்.

இவ்வளவு கதைக்கிற நானே ஒருக்கா ஏமாந்தனான். லொறியில மைக் பூட்டி கூவிக்கொண்டு வந்தவையிட்ட அஞ்சு வருச வொறன்ரி எண்டு ஒண்டு வாங்கினனான், மனுசி ஆசைப்பட்டவ, தவணைக் காசு வேற. எட்டாம் மாசம் நடுவில கிணறு. கிழிச்சுப் பார்த்தா மேலயும் கீழயும் ஒவ்வொரு இஞ்சி நல்ல ஸ்பொஞ், நடுவில என்ர கடையில நான் கூட்டி அள்ளிக் குப்பையில போடுற மாதிரியான வெட்டுத்துண்டுகள், ஒட்டவும் இல்லை, சும்மா அடைஞ்சிருக்கு. வொறன்ரி காட் பத்திரமா இருந்தது, லொறியைத்தான் காணேல்லை.

சரி, எதை வாங்கிறது எண்டு கேட்டனீங்கள். காசு இருந்தா லேற்றெக்ஸ் நல்லது, கிணறு விழாது, காத்தும் போய்வரும். இல்லாட்டி அந்தக் காசுக்குக் கடன்படாதேங்கோ, பாரமான ஸ்பொஞ் ஒண்டும் மேல தடிச்ச பருத்தி விரிப்பும் காணும், மிச்சத்தை நல்ல வேம்புக் கட்டிலில போடுங்கோ. மகளையும் கூட்டிக்கொண்டு போய் கடையில பத்து நிமிசம் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கோ, வெக்கப்படத் தேவையில்லை, படுக்கப் போறது அவதானே.

கேள்வி: அம்மம்மாவின்ர இலவம் பஞ்சு மெத்தை ஒண்டு கிடக்கு. இடம்பெயர்ந்து போகேக்க சொந்தக்கார வீட்டில விட்டு, திரும்பி வந்து எடுத்தது. இப்ப கட்டி கட்டியா இருக்கு, படுத்தா முதுகில கல்லுக் குத்துறமாதிரி. எறியிறதோ?
(ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: எறியாதேங்கோ தம்பி! இப்பிடிக் கடிதம் வந்தாத்தான் எனக்குக் கை துருதுருக்கும்.

இலவம் பஞ்சு நூலாத் திரிக்கிற பஞ்சு இல்லை, நார் குட்டை, வழுக்கும். ஒவ்வொரு நாரும் உள்ளுக்குக் குழாய்மாதிரி வெறுமை, காத்துத்தான் நிறைஞ்சிருக்கும், வெளியில மெழுகுப் பூச்சு, அதால தண்ணி லேசில ஏறாது. முந்தி கப்பல்காரரின்ர உயிர்காப்புச் சட்டைக்குள்ள இதைத்தான் அடைச்சவை. கோடையில இந்த மெத்தையில படுத்தா முதுகு வேர்க்கிறது குறைவு எண்டதும் அதாலதான். ஆனா வருசக்கணக்கா உடம்புப் பாரம் அமத்த அமத்த நார் முறிஞ்சு தூளாகிக் கட்டி விழும், அது பஞ்சின்ர குணம், உங்கட அம்மம்மாவின்ர பிழை இல்லை.

செய்யிற வேலை இது. பங்குனி, சித்திரை வெயிலில ஒரு நாள் பாருங்கோ, சோளகம் துவங்க முதல், ஏனெண்டால் சோளகத்தில பஞ்சைப் பிரிச்சா அரைவாசி பக்கத்து வளவுக்குப் போயிடும். முத்தத்தில பாய் விரிச்சு, அதுக்கு மேல நுளம்பு வலையைக் கட்டி, வலைக்குள்ள இருந்துகொண்டு மெத்தையின்ர ஒரு பக்கத் தையலை மட்டும் பிரியுங்கோ. மூக்கு வாயை மூடிக் கட்டுங்கோ, தூசு சும்மா இராது. கட்டியளைக் கையால பிச்சுப் பிச்சு, விதை கிடந்தா பொறுக்கி எறிஞ்சு (விதை கிடந்தா எலி மணந்துகொண்டு வரும்), மெல்லிய தடியால தட்டினா பஞ்சு பொங்கி எழும்பும், பார்க்கவே வடிவு. கையில எடுத்து உருட்டேக்க மாவா உதிர்றதைக் கழிச்சு விடுங்கோ, மூண்டில ஒரு பங்கு கழியும், அதுக்குப் புதுப்பஞ்சு சேர்க்கவேணும். வளவில இலவமரம் நிண்டா அதிலயே எடுக்கலாம், ஆனா காய் வெடிச்சுப் பறக்க முதல் பிடுங்கிடுங்கோ, கிளி காத்த கதையாப் போகக்கூடாது. பழைய உறையில திரும்பி அடையாதேங்கோ, துணி நைஞ்சிருக்கும், நெருக்கமா நெய்த புது மெத்தைத் துணி வாங்கித் தைச்சு, மூலையளில இருந்து நடுவுக்கு அடைச்சுக்கொண்டு வந்து, பிறகு கோணூசியால முழத்துக்கு ஒரு இடம் மேலயிருந்து கீழ குத்தி முடிச்சுப் போட்டா பஞ்சு ஓடாது. ஒரு ஆளுக்கு ரெண்டு நாள் வேலை. பேந்து மாசத்துக்கு ஒருக்கா வெயிலில போட்டுத் திருப்பினாக் காணும்.

வெயில் கதை வந்ததால எல்லாருக்கும் ஒண்டு சொல்லுறன். பஞ்சு, தும்பு எண்டால் வெயில் மருந்து. லேற்றெக்ஸுக்கும் ஸ்பொஞ்சுக்கும் அதே வெயில் நஞ்சு. எங்கட சனம் எல்லா மெத்தையையும் ஒரேமாதிரித் தூக்கி மதிலில போடுது. லேற்றெக்ஸ் வெயிலில கிடந்தா இறுகி, வெடிச்சு, விரல்பட உதிரும், ஸ்பொஞ் மஞ்சளாகிப் பொரிஞ்சுபோகும். அதுகளை நிழலில, காத்தில நிமித்தி வையுங்கோ. போன வருசம் ஒரு அக்கா கொண்டு வந்த லேற்றெக்ஸ் தலகணி பிஸ்கற்மாதிரி உடைஞ்சுது, கிழமைக்குக் கிழமை வெயிலில போட்டவவாம், சுத்தக்காரி பாவம்.

கேள்வி: மகனுக்கு ஏழு வயசு, முட்டு வருத்தம். இயற்கையான மெத்தைக்கு மாத்தினா முட்டுக் குறையும் எண்டு ஒராள் சொல்லுறார், பஞ்சுதான் முட்டுக்குக் காரணம் எண்டு இன்னொராள் சொல்லுறார்.
(புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: ரெண்டு பேரும் அரைவாசி சரி. முட்டைக் கிளப்பிற முக்கிய சாமான்களில ஒண்டு மெத்தையில இருக்கிற தூசுப்பூச்சி, கண்ணுக்குத் தெரியாது, எங்கட தோலில இருந்து உதிர்றதைத் திண்டு சீவிக்கும், அதின்ர எச்சம்தான் மூச்சுக்குள்ள போய்ப் பிள்ளைக்குச் சேராமல் போறது. அதுக்கு இயற்கையோ செயற்கையோ எண்டு பார்க்கத் தெரியாது, உடம்புச் சூடும் ஈரப்பதனும் இருந்தாக் காணும், ஸ்பொஞ்சிலயும் இருக்கும். மாரியில கார்த்திகை மார்கழியில பெடியனுக்கு முட்டுக் கூடுதோ எண்டு பாருங்கோ, ஈரம் கூடினா பூச்சியும் கூடும். பழைய பஞ்சு மெத்தையில இதோட முறிஞ்ச நார்த் தூசும் சேர்றதால அவனை அதில படுக்கப் போடாதேங்கோ, அதை நான் மேல புதுப்பிக்கச் சொன்னது பெரியாக்களுக்கு, புதுப்பிக்கேக்க அவன் வீட்டில நிக்கவும் கூடாது. இருக்கிற மெத்தைக்கே நெருக்கமா நெய்த சிப் உறை ஒண்டு முழுக்க மூடித் தையுங்கோ, புது மெத்தைக் காசில ஒரு துண்டுக் காசுதான் வரும். பெட்சீற்றையும் தலகணி உறையையும் கிழமைக்கு ஒருக்கா கைபொறுக்காத சுடுதண்ணியில ஊறப்போட்டுத் தோயுங்கோ, 60 பாகைச் சூட்டில பூச்சி சாகும். மெத்தை மாத்தினதை நம்பி டொக்டர் தந்த பம்பை நிப்பாட்டிப் போடாதேங்கோ.

கேள்வி: கனடாவில இருக்கிற அண்ணா காசு அனுப்பி மெமரி ஃபோம் வாங்கச் சொன்னார். வாங்கினம். இரவில அடுப்பில படுத்தமாதிரிக் கிடக்கு.
(வவுனியா வாசகர்)

பதில்: மெமரி ஃபோம் 1966ல நாசாவுக்காக விமான இருக்கைக்குச் செய்தது. சூட்டில இளகும், குளிரில இறுகும், அதுதான் அதின்ர வித்தையே. கனடாக் குளிரில உடம்புச் சூட்டுக்கு அளவா இளகி சுகமா இருந்திருக்கும், அண்ணாவில பிழை சொல்லேலாது. வவுனியாச் சித்திரையில அது அறைச் சூட்டிலயே இளகிப்போய் நிக்குது, நீங்கள் படுத்தவுடன உடம்பைச் சுத்திப் புதையுது, காத்து எங்கால போறது? மேல பன்பாய் ஒண்டு விரிச்சுப் பாருங்கோ. சிரிக்காதேங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன். அல்லாட்டி மார்கழி தையில மட்டும் பாவியுங்கோ.

கேள்வி: செல் பட்டு இடுப்புக்குக் கீழ இயங்காத தம்பியை 2009க்குப் பிறகு நான்தான் பார்க்கிறன். அவனுக்குத் தும்பு மெத்தை நல்லதெண்டு சிலர், தண்ணி மெத்தை எண்டு சிலர். இப்ப ஸ்பொஞ்சில ரெக்சின் சீற் போட்டுப் படுக்கிறான். ஒருக்காப் புண் வந்து மாறினது.
(முள்ளியவளை வாசகி)

பதில்: அக்கா, இதில இயற்கை செயற்கை எல்லாத்தையும் ஒருபக்கம் வையுங்கோ. அவருக்கு நோ தெரியாது, அதால மெத்தை அமத்துற இடத்தை உடம்பு சொல்லித் தராது. தும்பு வேண்டாம், அது இறுக்கம், எலும்பு நேரடியா அதில அமரும். பஞ்சும் வேண்டாம், கட்டியும் முடிச்சும் புண்ணுக்கு வழி. தடிச்ச, அடர்த்தியான ஸ்பொஞ் நல்லது, ஆனா அது இப்பவும் வேலை செய்யுதோ எண்டு நீங்களே பார்க்கலாம். தம்பி படுத்திருக்கேக்க இடுப்பெலும்புக்கு நேர கீழ, மெத்தைக்கும் கட்டில் பலகைக்கும் இடையில உங்கட உள்ளங்கையை மேல பார்க்க விட்டுப் பாருங்கோ. கைக்கும் எலும்புக்கும் நடுவில ஒரு இஞ்சி ஸ்பொஞ்சாவது அமராமல் இருக்கவேணும். எலும்பு கையில தட்டுப்பட்டா அந்த மெத்தை முடிஞ்சுது, வெளியில எவ்வளவு புதுசாத் தெரிஞ்சாலும் சரி.

ரெக்சின் நேர தோலில படாமல் மேல பருத்திச் சீலை போடுங்கோ, சுருக்கமில்லாமல், வேர்வை தேங்கினா தோல் ஊறிப் பிய்யும். கரண்டில காத்து மாறி மாறி ஏறி இறங்கிற மெத்தை இருக்கு, கிடைச்சா வலு உதவி, ஆனா கரண்ட் போற நேரம் கீழ ஒரு ஸ்பொஞ் இருக்கவேணும். வாங்க முதல் ஆஸ்பத்திரியில பிசியோதெரபி செய்யிறவையிட்ட ஒருக்காக் கேளுங்கோ, இரவல் தாற இடம் ஏதும் இருந்தாலும் அவையளுக்குத்தான் தெரியும். எந்த மெத்தையில படுத்தாலும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பக்கம் மாத்திறதை நிப்பாட்டேலாது, அதை உங்களுக்குச் சொல்ல நான் ஆர், இவ்வளவு வருசமாச் செய்யிறனீங்கள். நாரி அடி, குதிக்கால், இடுப்புப் பக்கம், இந்த மூண்டு இடத்தையும் காலமை பின்னேரம் பாருங்கோ, சிவந்த இடத்தை விரலால அமத்தி எடுக்க வெளிறாமல் சிவப்பாவே நிண்டா அண்டைக்கே காட்டவேணும்.

கேள்வி: 2018 மார்கழி வெள்ளத்தில நனைஞ்ச தும்பு மெத்தையைக் காயவைச்சு இண்டைக்கும் பாவிக்கிறம். மழை வந்தா மணக்குது.
(கிளிநொச்சி வாசகர்)

பதில்: தும்பு தேங்காய்மட்டையைத் தண்ணியில ஊறப்போட்டு அடிச்சு எடுக்கிறதுதானே, தண்ணி அதுக்குப் புதுசில்லை, நார் உக்கேல்லை. இப்ப வாறதுகளில தும்புக்கு இறப்பர்ப் பால் தெளிச்சு இறுக்கித்தான் மெத்தையாக்கிறவை, மணக்கிறது உள்ளுக்கு ஏறின சேறும் பூஞ்சணமும். உறையைக் கழட்டிப் பாருங்கோ, கறுப்புப் புள்ளி உள்வரைக்கும் போயிருந்தா மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில போட்டுவிடுங்கோ. வெள்ளத்தண்ணி குடிச்ச மெத்தையில இவ்வளவு வருசம் படுத்தது காணும்.

கேள்வி: கட்டிலுக்குக் கீழ நுளம்புத்திரி வைக்கிறனாங்கள். பஞ்சு மெத்தை எண்டால் பயமில்லைத்தானே?
(முழங்காவில் வாசகி)

பதில்: ஐயோ, கட்டிலுக்குக் கீழயோ! பஞ்சில பொறி விழுந்தா சுவாலை தெரியாமல் உள்ளுக்குள்ளயே புகைஞ்சு புகைஞ்சு போய், அணைஞ்சுது எண்டு நினைச்சு நீங்கள் நித்திரையாக, மூண்டு மணித்தியாலம் கழிச்சு எழும்பும். ஸ்பொஞ் எண்டால் மற்றமாதிரி, கெதியாப் பத்தும், புகை நஞ்சு, ரெண்டு மூண்டு மூச்சில ஆளை விழுத்தும். திரியைத் தகரத்தட்டில வைச்சு வாசல்பக்கம் தள்ளி வையுங்கோ, இல்லாட்டி வலையைக் கட்டுங்கோ.

கேள்வி: எனக்கு 71 வயசு. பிறந்ததில இருந்து பாய்தான், முகாமிலயும் பாய்தான். இப்ப நாரி நோ. மகன் மெத்தை வாங்கப் போறன் எண்டுறான். நாரிக்கு வெறும் நிலம்தான் நல்லதெண்டு நான் சொல்லுறன். ஆர் சரி?
(மாங்குளம் வாசகர்)

பதில்: ஐயா, கோவிக்கக்கூடாது, இந்தமுறை மகன் சரி. இறுக்கம் கூடக் கூட நாரிக்கு நல்லதெண்டு நானும் கனகாலம் நம்பினனான். 2003ல ஸ்பெயினில நாரி நோ உள்ள 313 பேருக்கு, பாதிப்பேருக்கு இறுக்கமான மெத்தையும் மற்றப் பாதிக்கு நடுத்தரமானதும் குடுத்துப் பார்த்து, லான்செட் மருத்துவ சஞ்சிகையில எழுதினவை. நடுத்தர மெத்தையில படுத்தவைக்குத்தான் நோ கூடக் குறைஞ்சது. ஆனா உங்களுக்கு நான் மெத்தையை விட முக்கியமா நினைக்கிறது கட்டிலை. நிலத்தில இருந்து எழும்பேக்க ஒரு கையை ஊண்டி, முழங்காலை மடிச்சு, சுவரைப் பிடிச்சு எழும்புவியள், அந்த எழும்பலிலதான் நாரி ஒவ்வொரு நாளும் நோகுது. கட்டிலில இருந்தா ரெண்டு காலும் நிலத்தில வடிவாப் படவேணும், முழங்கால் நேர்மட்டமா இருக்கவேணும், கடையில இருக்கிற உயரக் கட்டில் உங்களுக்குச் சரிவராட்டி தச்சுவேலைக்காரனிட்டக் குடுத்துக் காலை அறுப்பியுங்கோ. மேல நாலு இஞ்சி பாரமான ஸ்பொஞ், ஆறடிக்கு மூண்டடி, தராசில அஞ்சரைக் கிலோ வரவேணும் எண்டு மகனுக்குச் சொல்லிவிடுங்கோ. அதுக்கு மேல உங்கட பாயை விரியுங்கோ, ஆர் வேண்டாம் எண்டது.